மூன்று வருகைப் பதிவேடுகள்



காலையிலிருந்து ஆசிரியர் தின வாழ்த்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. துபாயிலிருந்து ஒருவன், திருப்பூரிலிருந்து நாலு பேர், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பாட்டி (ஆமாம், என் முதல் வகுப்பு மாணவிகளில் சிலர் இப்போது பாட்டிகள்!). தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. இந்தப் பதிவையே என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் மட்டும் இல்லை. 2012-ல் இதே நாள் மதியம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 உயிர்கள் போயின. உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, முதலில் எழுந்த புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய ஊர்க்காரர்களும் அடுத்தடுத்த வெடியில் சிக்கிக்கொண்டார்கள். வாழ்த்துச் சொல்ல வந்த பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாய் மேசைமேல் அப்படியே இருந்தது, நாங்கள் சிவகாசி அரசு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அடுத்தடுத்த நாள் பத்திரிகைகளில் படித்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓர் ஆலை ஓடக் கூடாது என்பது கோப்புக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் தூக்குவாளியோடு வண்டி ஏறிய பெண்ணுக்குத் தெரியவில்லை. புகையைப் பார்த்து ஓடிய இளைஞனுக்கு உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. கோப்புக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்திருந்தால்?

இந்தக் கேள்வியை யாரிடமோ கேட்பதற்கு முன், என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதுவரை வெளியில் சொன்னதில்லை.

நான் வேலையில் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில், சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில். அப்போது விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். ஏஜெண்ட் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி போகும். கட்டை அடுக்கினால் கூலி. இருட்டியபிறகுதான் திரும்பும். என் வகுப்பில் பதிவேட்டில் 42 பேர். பெஞ்சில் 20 பேர் இருந்தால் அது நல்ல நாள்.

பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும். மேலே இருந்து கேள்வி வரும். ஆகவே மாதக் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து, காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்குக் குறுக்கே ஒரு கோடு என்று மொத்தமாகப் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். ஒரே பேனா, ஒரே மை. வராத பிள்ளை வந்ததாக என் கையால் எழுதினேன்.

அதன் பலன் என்ன தெரியுமா? குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுக்க ஆள் வரும்போது முதலில் கேட்பது பள்ளிப் பதிவேட்டைத்தான். "இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டிய காகிதம், அவளை ஒளித்துவைத்துவிட்டது. அந்தக் காகிதத்தை ஊர்க்காரர் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். பார்க்க யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதினேன்.

இது முதல் பதிவேடு. இரண்டாவது பதிவேடு ராஜஸ்தானில் இருந்தது.

அதற்குப் போகுமுன் நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோயில் பொங்கல் முடிந்து மறுவாரம் வரிதாரர்கள் கூடி உட்காருவார்கள். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கணக்கு வாசிக்கப்படும். "என்னய்யா, நம்பிக்கை இல்லையா?" என்று கணக்குப்பிள்ளை கோபித்துக்கொள்வதில்லை. காசு கொடுத்தவன் கேட்பான், வாங்கியவன் வாசிப்பான். இது நமக்குப் புதிய பாடம் இல்லை.

ஏழாம் வகுப்பில் உத்திரமேரூர் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறையை மட்டும்தான் எல்லாரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அதிலேயே இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. அந்த விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டாமல், சுவரில் வெட்டினார்கள். அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் இடம், நம் முன்னோரில் பலர் அந்தச் சுவர்ப்பக்கம் போயிருக்கவே முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் ஆளுகிறவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான், பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். 1923-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய ஆண்டு அது. அதே 1923-ல்தான் அலுவல் ரகசியச் சட்டம் வந்தது. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. தொழில், இழப்பீடு, ரகசியம், மூன்றுக்கும் ஒரே வயது. சுதந்திரம் வந்த பிறகும் ரகசியச் சட்டம் போகவில்லை. அரசு அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் "அது உள் விஷயம்" என்ற பதில் வழக்கமாகிவிட்டது.

உலகில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சுவீடன் 1766-லேயே சட்டம் போட்டுவிட்டது. நம் வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்து ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த காலம் அது. அமெரிக்காவில் 1966-ல் வந்தது. நம் நாட்டில் 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே. மேத்யூ, அரசு தங்கள் பேரில் செய்யும் காரியங்களை அறிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்று தீர்ப்பில் எழுதினார். எழுதியது நல்லதுதான். ஆனால் எந்த அலுவலகத்தில், யாரிடம், எத்தனை நாளில் கேட்டு வாங்குவது? அதற்கு வழி பிறக்க இன்னும் 30 ஆண்டு ஆனது.

வழியைத் திறந்தவர்கள் படிக்காத மக்கள். ராஜஸ்தானில் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. அதில் முக்கியமானவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுக் கிராமத்துக் குடிசையில் போய் உட்கார்ந்தவர். வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு அரசு நிர்ணயித்த கூலி கிடைக்கவில்லை. கேட்டால் "நீ அவ்வளவுதான் வேலை பார்த்தாய், மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். அந்த மஸ்டர் ரோலைக் காட்டு என்றால், காட்ட மாட்டார்கள். ரகசியமாம்! சாலையில் மண் சுமந்தவனின் வருகைப் பதிவேட்டில் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன ரகசியம்?

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், கைக்குக் கிடைத்த சில பதிவேடுகளை வைத்து மக்கள் மன்றம் கூட்டினார்கள். நம் கோயில் கணக்கு வாசிப்பதுபோலத்தான். பேர் வாசிக்க வாசிக்க, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சொன்னார்கள். நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே. அந்தக் கட்டடம் இன்னும் முடியவே இல்லையே. பல மன்றங்களில் இறந்தவர்கள் பேரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்டே தணிக்கை செய்துவிட்டார்கள்.

1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா. சோறு வேண்டும், கூலி வேண்டும் என்பது அல்ல கோரிக்கை. நகல் வேண்டும்! ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும்! சுற்று வட்டாரத்து ஏழைகள் ஆளுக்கு ஒரு படி தானியமும் கையிலிருந்த காசும் கொடுத்து அந்தப் பந்தலை நடத்தினார்கள்.

மாநிலங்களில் முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடு என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு 1997. பெருமைதான். ஆனால் அதில் சொல்ல மறுப்பதற்கான விதிவிலக்குகளே மிகுதி, சாமானியனுக்குப் பயன்படவில்லை. கடைசியில் 2005 அக்டோபர் 12 அன்று நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 அக்டோபரில் அதற்கு 20 வயது ஆனது.

இப்போது மூன்றாவது பதிவேடு.

நான் ஓய்வு பெற்றபிறகு ஒரு நாள், என் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பேர் சொல்ல மாட்டேன், சிலருக்குத் தெரிந்திருக்கலாம். நான் கோடு போட்ட 42 பேரில் ஒருத்தி. அவள் கணவர் ஒரு வெடி ஆபீசில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தார். தீப்பிடித்து இரண்டு கையும் வெந்துவிட்டது. நஷ்டஈடு கேட்கப் போனால், "இந்தப் பேரில் இங்கே ஆளே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். உரிமம் ஒருவர் பேரில், நடத்தியவர் உள்குத்தகைக்கு எடுத்த இன்னொருவர்.

அவள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது: "சார், அன்னிக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வராமலே எம் பேரு நோட்டுல இருந்துச்சு. இன்னிக்கு இவுக வேலைக்குப் போயும் நோட்டுல பேரு இல்ல."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். நாலே கேள்விகள். உரிமம் யார் பேரில்? கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது? ஆய்வறிக்கையின் நகல் வேண்டும். விபத்துக்குப் பிறகு கைப்பற்றிய வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

முதல் பதில், "தனியார் ஆலை விவரம், தர இயலாது." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தனியார் நிறுவனத்தின் தகவலாக இருந்தாலும், ஏதாவதொரு சட்டப்படி ஓர் அரசு அலுவலகம் அதைக் கேட்டுப் பெற முடியுமானால், அந்த அலுவலகத்திடம் நாம் கேட்கலாம். பிரிவு 2(எஃப்). இதை எழுதி மேல்முறையீடு செய்தேன். நகல்கள் வந்தன.

பதிவேட்டில் அவர் பேர் இல்லைதான். ஆனால் நான் பார்த்தது வேறு. அந்த மாதம் முழுவதற்கும் எல்லாப் பேருக்கும் நேரே ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், ஒரே மையில் கோடுகள். ஒருவருக்கும் ஒருநாள்கூடக் காய்ச்சல் வரவில்லை, ஒரு வீட்டிலும் விசேஷம் இல்லை. ஒரே நாளில் உட்கார்ந்து போட்ட கோடுகள் அவை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையதாகவே எனக்குத் தெரிந்தது.

ஆய்வறிக்கை அதைவிட மோசம். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே, அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்ததாகவும் மரத்தடியில் வேலை நடந்ததாகவும் எழுதியிருந்தது. மறுபடியும் அதே கதை. கோப்புக்குத் தெரியும், வேலை செய்தவருக்குத் தெரியாது. அந்த இரண்டு நகல்களையும், கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியையும் வைத்துத்தான் இழப்பீட்டு வழக்கு நகர்ந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் தாமதமாகத்தான். ஆனால் "அப்படி ஓர் ஆளே இல்லை" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

நம் பகுதியில் இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு போட்டது. அங்கேயும் பேச்சு உள்குத்தகையில்தான் போய் நின்றது. பிறகு 2023-ல் ரெங்கபாளையம், 2024-ல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொன்றுக்கும் பிறகு குழு வரும், அறிக்கை எழுதும், அறிக்கை அலமாரிக்குப் போகும்.

பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் என்று எழுதிய அறையில் எட்டுப் பேர் இருந்தால், படிக்காத பாட்டிக்கும் தப்பு தெரியும். உத்திரமேரூர் சுவர்போல அதுவும் ஒரு சுவர்தான். என் ஆசை என்னவென்றால், அறை வாசலில் எழுதுவதை ஆலை வாசலிலும் எழுத வேண்டும். உரிமம் யார் பேரில், எந்தத் தேதி வரை, கடைசி ஆய்வு எப்போது, நிறுத்திவைத்திருந்தால் அந்த உத்தரவு.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யார் யாருக்கு என்னென்ன அனுமதியும் உரிமமும் தரப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. போபாலில் 1984-ல் விஷவாயு கசிந்த இரவில், என்ன வாயு, என்ன மருந்து என்று தெரியாமல் மருத்துவர்களே தவித்தார்கள். அதன்பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயமான தொழிலைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. சட்டங்கள் இருக்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.

"சார், இதையெல்லாம் கிளறினால் தொழில் படுத்துவிடும், நம் சனங்களுக்குச் சோறு ஏது?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. உங்களில் சிலர் ஆலை நடத்துகிறீர்கள், நேர்மையாக நடத்துகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். அதனால்தான் சொல்கிறேன். உள்குத்தகைக்கு விட்டு, விதியை மீறி, மலிவாகச் சரக்கு தருகிறவன் முதலில் கெடுப்பது உங்கள் வியாபாரத்தைத்தான். அங்கே வெடித்தால் பூட்டுப் போடுவது எல்லா ஆலைக்கும். விவரம் வெளியே இருந்தால் ஒழுங்காக நடத்துகிறவர்களுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு கவலையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, தகவல் உரிமைச் சட்டத்திலும் கைவைத்திருக்கிறார்கள். பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்றிருந்ததை, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். இந்த மாற்றம் 2025-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இதனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேர் என்பது தனிப்பட்ட தகவல்தானே? மஸ்டர் ரோலில் இருப்பதெல்லாம் பேர்தானே? பேரை மறைத்துவிட்டால் எதை வாசிப்பது? பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாதாட நம் ஊர்ப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? போன் எண்ணும் நோய் விவரமும் மறைக்கத்தக்கவை. வேலைக்கு வந்தவர் பேர் அப்படி இல்லை.

அடுத்து தீபாவளி வருகிறது. இது ஆலைகளில் அவசரம் கூடும் நேரம். அதற்கு முன் அக்டோபர் 2 அன்று கிராம சபை வருகிறது. உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எத்தனை ஆலைகள், எந்த உரிமம், எது நிறுத்திவைக்கப்பட்டது என்ற பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மனு போடுங்கள். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. தனியாளாகப் போட பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போடுங்கள். இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியதற்காக உயிர் விட்டவர்களும் நாட்டில் உண்டு, பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதுவும் கஷ்டம் என்றால் என் வீட்டுக்கு வாருங்கள். வெள்ளைத்தாள் இருக்கிறது, ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், கண்ணாடியும் புதிதாக மாற்றியிருக்கிறேன். நான் எழுதித் தருகிறேன். பொய்யாகப் போட்ட கோடுகளுக்கு இதைவிட வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

முதலிப்பட்டியில் போனவர்களை இன்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்